பெருங்காமநல்லூருக்கு நீங்கள் ஒதுக்கிய இரண்டு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில் மதுரையைச் சுற்றி ஒரு நாளில் போய்வரும் இடங்கள் என்று பட்டியல் போட்டிருந்தீர்கள். அதில் எங்கள் பெருங்காமநல்லூருக்கு இரண்டே வரி. கூட்டமில்லாத கிராமமாம், பழைய நினைவுத்தூண் இருக்கிறதாம், "படம் எடுக்க அருமையான இடம்" என்று முடித்துவிட்டீர்கள். அந்தத் தூண் எதற்காக நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் எப்படி அய்யா இது அச்சுக்குப் போனது?

1920 ஏப்ரல் 3. சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்த வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்குக் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஊர்க்காரர்களைப் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். குண்டடி பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன மாயக்காளும் அதில் ஒருவர். ரேகைச் சட்டம் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். என் சீயான், அதாவது தாத்தா, அந்தச் சட்டத்தில் ரேகை வைத்தவர். பொழுது இறங்கினால் போலீஸ் கச்சேரிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். மூத்த பிள்ளை பிறந்த ராத்திரியும் அந்த மனுஷன் கச்சேரித் திண்ணையில்தான் கிடந்தார் என்று அப்பத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தது. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். சீயானுக்கு எங்கள் வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. சர்க்காரிடம் அவர் விரல் ரேகை இருந்தது, எங்களிடம் அவர் முகம் இல்லை. அதனால் படம் எடுப்பதே தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

உங்கள் இணைப்பு வந்த அடுத்த சனிக்கிழமை ஒரு வேலையாக அங்கே போயிருந்தேன். ஒரு வேனில் கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து இறங்கினார்கள், கையில் செல்போன், அதில் உங்கள் பட்டியல். தூணில் சாய்ந்து ஒருத்தன், அதன் மேடையில் காலைத் தொங்கப் போட்டு இன்னொருத்தன் என்று படம் ஓடியது. எதிர்வீட்டுக் கிழவி வெளியே வந்து "யாரு வீட்டு ஆளுகப்பா, சாமி கும்பிட வந்தீகளா?" என்று கேட்டது. "சும்மா போட்டோ எடுக்க வந்தோம் பாட்டி" என்றார்கள். நான் கிட்டே போய், திட்டவில்லை, அந்தப் பெயர்களை வாசியுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஒரு பெண் வாசித்துக்கொண்டே வந்து மாயக்காள் பெயரில் நின்று, இவங்க யாரு என்று கேட்டது. சொன்னேன். அப்புறம் மேடையில் உட்கார்ந்திருந்த பையன் தானே இறங்கிவிட்டான். அந்தப் பெண் கிளம்பும்போது ஒரே ஒரு படம் எடுத்தது, அந்தப் பெயர்களை. ஆகவே பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் சொன்னதை உங்கள் இணைப்பு சொல்லியிருக்கலாம்.

இது எங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. போலந்தில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு வருகிறவர்கள் தண்டவாளத்தின் மேல் கையை விரித்து நடந்து படம் எடுக்கிறார்கள் என்று 2019இல் அந்த நினைவிடத்தாரே வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற வருஷம் நான் ஜாலியன்வாலாபாக் போயிருந்தபோது, குண்டு துளைத்த சுவரில் வெள்ளைக் கட்டம் போட்டுக் காட்டியிருந்த இடத்தில் விரலை வைத்துச் சிரித்தபடி படம் எடுத்தவர்களில் எங்கள் பஸ்ஸில் வந்தவர்களும் உண்டு. அங்கேயாவது என்ன நடந்தது என்று எழுதி வைத்திருக்கிறது.

ஜாலியன்வாலாபாக் என்றதும் இன்னொன்று. 1919 ஏப்ரல் 13ஐ நீங்கள் ஒரு வருஷமும் மறந்ததில்லை, மறக்கவும் கூடாது. ஆனால் அதற்குப் பத்து நாள் முந்தி வரும் எங்கள் தேதிக்கு என்றைக்காவது போட்டால் "தென்னாட்டு ஜாலியன்வாலாபாக்" என்று தலைப்பு வைக்கிறீர்கள். எங்கள் சாவுக்கு எங்கள் ஊர்ப் பெயர் போதாதா? 2020இல் நூறாவது ஆண்டு, ஊரடங்கு, யாரும் கூட முடியவில்லை. கூட்டம்தான் இல்லை, எழுத்திலாவது வரட்டும் என்று நாலு பக்கம் எழுதி அனுப்பினேன். வரவில்லை. இடமில்லை என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை. மற்ற வருஷங்களில் மாலையோடு வரும் பெரிய மனிதர்களின் படம் மட்டும் தவறாமல் வருகிறது, கேமரா கிளம்பியதும் அவர்களும் கிளம்பிவிடுகிறார்கள், அந்தப் படத்தின் கீழும் செத்தவர்களில் ஒருவர் பெயர்கூட இருப்பதில்லை. நாளைக்கு 1997இல் மேலவளவில் வெட்டிக் கொல்லப்பட்ட பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் கூடச் செத்த ஐந்து பேரும் அடங்கிய இடத்தையும் இப்படி ஒரு பட்டியலில் சேர்த்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு இடத்தில், தேதியையும் 16 பேரின் பெயரையும் போடுங்கள். உங்கள் இணையப் பக்கத்தில் "படம் எடுக்க அருமையான இடம்" என்பதை எடுத்துவிடுங்கள். தூணில் உள்ளபடி பெயர்களைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மாயக்காள் பெயரில் கடைசி எழுத்து விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
உசிலம்பட்டி