அப்பாயி பேரை எப்படி எழுதுவது

அன்புள்ள கண்ணம்மாவுக்கு, அம்மா எழுதுவது.

அப்பாயி பேருக்கு ஸ்பெல்லிங் கேட்டு அப்பாவுக்கு மெசேஜ் போட்டிருக்கிறாய். அவருக்குத் தலைகால் புரியவில்லை, பால்காரர் வரைக்கும் சொல்லியாயிற்று. பெண் குழந்தை என்பதே எனக்குச் சின்ன அத்தை சொல்லித்தான் தெரியும். சரி, உனக்கு ஆயிரம் வேலை.

நீலாயதாட்சி, நம் நாகப்பட்டினத்து அம்மன் பேர். குருக்கள் அர்ச்சனையில் நீலாயதாக்ஷி என்பார், ஆடிப்பூரத்துக்கு ஒட்டுகிற போஸ்டரில் ‘ட்சி’ இருக்கும், தமிழில் இரண்டும் சரிதான். வம்பெல்லாம் இங்கிலீஷில். நடுவில் வரும் ‘தா’வுக்கு ஒருத்தர் எச் சேர்ப்பார், ஒருத்தர் சேர்க்கமாட்டார், கடைசியில் கேஎஸ்எச் போடுகிறவர்களும் உண்டு, டிசிஎச் போடுகிறவர்களும் உண்டு. அப்பாயிக்கு ஆதாரில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று. அவர் போன பிறகு இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் வாங்க அப்பா அலைந்த அலைச்சல் உனக்கே தெரியும். பர்த் சர்டிபிகேட்டில் எப்படிப் போடுகிறாயோ அதையே பாஸ்போர்ட்டிலும் போடு.

அவ்வளவு நீளப் பேரை அங்கே யார் கூப்பிடப்போகிறார்கள், நீலாதான் நிற்கும். அதற்கு டபுள் ஈ போடு. ஒற்றை ஐ போட்டால் நிலா என்று படிப்பார்கள், அது வேறு பேர். தாத்தா அப்பாயியை நீலு என்பார், அதுவும் யாரும் பக்கத்தில் இல்லாதபோது. தெருவுக்கு நீலாம்மா. அக்கரைப்பேட்டையிலிருந்து மீன் கொண்டுவருகிற அம்மா மட்டும் கடைசிவரை நீலாச்சி, நீலாச்சி என்று வாசலில் கூடையை இறக்கிவைத்துக் கூப்பிடும், இப்போதும் சில நாள் வாய் தவறி வந்துவிடுகிறது. அம்மனுக்குத் தமிழில் கருந்தடங்கண்ணி என்றும் பேர் உண்டு, அதை வைக்கலாமே என்கிறார் அப்பா. வேண்டாம், அந்த ஊர் டீச்சர் பாவம்.

முத்துசுவாமி தீட்சிதர் இந்த அம்மனை நீலாம்பரியில்தான் பாடியிருக்கிறார். தாலாட்டு ராகம். நீ பாட்டு கிளாஸைப் பாதியில் விடாமல் இருந்திருந்தால் நீயே பாடித் தூங்கவைக்கலாம். எனக்கு ஓரளவு வரும்.

தண்ணீர் நிறையக் குடி, காலை தொங்கப்போட்டு உட்காராதே. பேருக்கு டபுள் ஈ. மாப்பிள்ளைக்கு வாரம் முழுக்க ஆபீஸ், அவருடைய அம்மாவுக்கோ முட்டிவலி, குளிப்பாட்ட யார் இருப்பார்கள் என்று அத்தை கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

என் பாஸ்போர்ட் மார்கழியில் முடிகிறது. புதுப்பிக்கத் தஞ்சாவூர் போகவேண்டும், அப்பா எப்போது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். உனக்குத் தையில்தானே நாள் சொல்லியிருக்கிறார்கள்? போகட்டுமா வேண்டாமா என்று ஒரு வரி போடு, என் போனுக்கே போடு.

அம்மா