வயதுவாரியாகப் போடுங்கள்

ஆசிரியருக்கு,

கொரோனா இறப்பு விகிதத்தை ஒரே எண்ணாகப் போட்டிருந்தீர்கள். புள்ளியியல் பாடம் நடத்தியவன் கண்ணுக்கு அது உறுத்துகிறது. தடுப்பூசிக்கு முந்தைய 2020 தரவுகளைக் கொண்ட கணிப்பு ஒன்றின்படி, தொற்றியவர்களில் இறப்பு 25 வயதில் சுமார் 0.01 சதவீதம், 55இல் 0.4, 75இல் 4.6, 85இல் 15. இதில் சராசரி யாருக்குப் பொருந்தும்?

அப்புறம், இறப்பு எண்ணிக்கையை எதால் வகுத்தீர்கள்? பரிசோதனையில் சிக்கியவர்களால் மட்டும் என்றால், அறிகுறியே இல்லாமல் தேறிய இளைஞர்கள் கணக்கில் வரமாட்டார்கள்; விகிதம் ஊதிப்போகும். தொற்று வந்துபோனதைக் காட்டும் ஆன்டிபாடியை ரத்தத்தில் தேடும் ஆய்வுதான் அவர்களைப் பிடிக்கும். அதற்காக, பெருந்தொற்று என்றாலே முதியோருக்கு மட்டுமே ஆபத்து என்றும் எழுதிவிடாதீர்கள். 1918 ஃப்ளூ 20 முதல் 40 வயதுக்காரர்களையும் கொத்தாக வாரிக்கொண்டு போனது.

அடுத்த முறை வயதுவாரி அட்டவணை வேண்டும், ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தாலும் சரி.

– ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்