பசியாறும் நேரத்தைக் கேட்டுவிட்டு மாத்திரை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இனிப்புநீர் (நீரிழிவு) என்றாலே ‘தோட்டத்து மக்களுக்கு வாயைக் கட்டத் தெரியாது’ என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது, இங்குள்ள இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு. எல்லாவற்றுக்கும் வாய்தான் காரணமா?

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இந்நோயோடு பால்மரம் (ரப்பர்) சீவுகிறவரின் காலையைப் பாருங்கள். விடியுமுன் வெறும் கோப்பியோடு இறங்குகிறவர், பத்து மணி வாக்கில்தான் பசியாறுவார். அவருக்குக் கொடுக்கும் கிளிக்லசைட், சர்க்கரையைக் குறைக்க, சாப்பாட்டுக்குச் சற்று முன் போட வேண்டிய மாத்திரை. ‘காலையில் ஒன்று’ என்று உறையில் எழுதியிருப்பதால் ஐந்து மணிக்கே விழுங்குகிறார். எட்டு, ஒன்பது மணிக்குச் ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே போகிறது. கை நடுங்குகிறது, வியர்க்கிறது. வேலை வியர்வைதானே என்று விட்டுவிடுகிறார். ஒருமுறை தலைசுற்றி விழுந்தபின் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறார். வெளியே சொல்ல மாட்டார். மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) காதுக்கு எட்டினால் வேலை குறையும், டாக்டரிடம் சொன்னால் ஏச்சு விழும்.

கிளினிக் நாள் நெருங்கும்போது மட்டும் ஒழுங்காகப் போடுவார். வெறும் வயிற்று அளவு பரவாயில்லை என்று வரும். மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைச் சொல்லும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். மருந்து போதவில்லை என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். கூட்டியதை அவர் உண்மையாகவே போட்ட அன்று மறுபடியும் மயக்கம்!

‘எத்தனை மணிக்குப் பசியாறுவீர்கள்?’ என்று கேட்டால் பாதிச் சிக்கல் அவிழும். வேளையை மாற்றுவதா, மருந்தையே மாற்றுவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். சீவுகிறவர் பையில் மூன்று தேக்கரண்டி சீனியைப் பொட்டலமாகக் கட்டி வைத்திருக்க வேண்டும். நடுக்கம் வந்தால் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் உட்கார வேண்டும். அடங்காவிட்டால் இன்னொரு பொட்டலம், அடங்கியதும் சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐ அழையுங்கள். இது பக்கத்து நிரையில் சீவுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே நோயை மறைப்பதே ஆபத்து.

பெண்கள் கதை வேறு. தனக்கென்று தனியாகச் சமைக்கக் கூச்சப்பட்டு, எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சிய சோற்றோடு முடித்துக்கொள்வார்கள். தனிச் சமையல் தேவையே இல்லை. அதே குழம்புதான், தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதி காய்கறி, பழம்.

இன்சுலின் என்றதும் ‘ஊசி போட்டால் கிட்னி போய்விடும்’ என்கிறார்கள். பல ஆண்டுகள் கட்டுக்கடங்காமல் இருந்த சர்க்கரைதான் கிட்னியைக் கெடுக்கிறது. ஊசி தாமதமாக வருவதால் பழி அதன்மேல் விழுகிறது.

கிளினிக்குகளுக்கு ஒரு வேண்டுகோள். இனிப்புநீர்க்காரரின் மனச்சோர்வையும் கவனியுங்கள். இரண்டு வாரமாக மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் நாட்டமில்லையா என்ற இரண்டு கேள்விகளையும் தமிழில், கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் நோயாளியின் சம்பந்தி வீட்டார்.

தோட்டத்து வாசகர்கள்,
சுங்கை சிப்புட், பேராக்