தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் மகளுக்கு

காரைக்குடி

அன்பு மகளுக்கு,

சென்ற வாரம் தொலைபேசியில் நீ அழுதபோது, உன்னைத் தேற்றுவதிலேயே நேரம் போய்விட்டது. முறையாகச் சொல்ல வேண்டியவற்றைச் சொல்ல இயலவில்லை. அவற்றை நிதானமாக எழுதி அனுப்புவதே நல்லது என்று தோன்றியது. ஒரே இரவில் மூன்று வெண்டிலேட்டர் நோயாளிகளை உன்னிடம் ஒப்படைத்தது, விடிந்த பிறகு அடுத்த ஷிஃப்டுக்கும் நிற்கச் சொன்னது, நோயாளியின் உறவினர்கள் முன்னிலையில் "படித்துத்தான் வந்தாயா" என்று இன்சார்ஜ் சிஸ்டர் உன்னைக் கேட்டது, மருந்து அளவு தவறியதைத் தானே முன்வந்து எழுதிக் கொடுத்த புதிய பெண்ணின் சம்பளத்தில் பணம் பிடித்தது என்று நான்கையும் தனித்தனி வருத்தங்களாக நீ சொன்னாய். எனக்கு அவை நான்கும் ஒரே இடத்திலிருந்து வருவதாகவே தெரிகிறது. அந்த வார்டைப் பயத்தைக் கொண்டு நடத்துகிறார்கள்.

உனக்கு மனவலிமை போதவில்லை என்று நீ சொன்னதை நான் ஏற்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு ஷிஃப்டில் ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. மூவரை ஒருத்தியிடம் விட்டுவிட்டு அவள் களைத்துப் போனால் அது அவளுடைய குறை என்பது நியாயமல்ல. தொடர்ந்த பணி அழுத்தத்தால் வரும் இத்தகைய சோர்வை உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் பணியிடத்தோடு தொடர்புடைய நிலை என்றுதான் வகைப்படுத்தியது. அதைத் தனி மனிதரின் பலவீனமாகச் சொல்லவில்லை. ஆகவே முதலில் உன் மீது நீ சுமத்திக்கொள்ளும் பழியை இறக்கி வை.

அடுத்து, கண்டிப்பையும் கொடுமையையும் நீ ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. அரசு மருத்துவமனையில் நான் பணியில் சேர்ந்த காலத்தில் எனக்கு வாய்த்த இன்சார்ஜ் சிஸ்டர் மிகவும் கண்டிப்பானவர். கேஸ் ஷீட்டில் நேரம் குறிக்காமல் கையெழுத்திட்டால் வீட்டுக்குப் புறப்பட்டவளையும் திரும்ப அழைத்து எழுத வைப்பார். ஆனால் நோயாளியின் கட்டிலருகே அவர் கற்றுக்கொடுக்க மட்டுமே பேசினார். கடிந்துகொள்வதாக இருந்தால் ஸ்டாஃப் அறைக்குள் அழைத்துச் சென்று கதவைச் சாத்திக்கொள்வார். பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெப்பாரின் ஆகிய அபாயமான மருந்துகளை இன்னொருத்தி பார்த்துச் சரி என்று சொல்லாமல் யாரும் ஏற்றக் கூடாது என்பது அவர் விதி, அந்த விதிக்கு அவரும் உட்பட்டே நடந்தார். பொட்டாசியத்தை நீர்க்கச் செய்யாமல் நேரே இரத்த நாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும். அந்தச் சின்னக் குப்பியை வெறும் தண்ணீர்க் குப்பி என்று களைத்த கண்கள் எடுத்துவிடக்கூடும் என்பதும் தெரியும். அப்படி ஒரு கை நீளும்போது "சிஸ்டர், ஒரு நிமிடம்" என்று பக்கத்தில் நிற்பவள் சொல்லத் துணிவாளா என்பதில்தான் ஒரு வார்டின் தரம் இருக்கிறது. உங்கள் வார்டில் துணிய மாட்டாள் என்பதே என் கவலை.

1990-களில் அமெரிக்காவில் எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் நடக்கும் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாகப் பணிபுரியும் வார்டுகளில் தவறுகள் குறைவாக இருக்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்தார். கிடைத்த கணக்கோ அத்தகைய வார்டுகளில்தான் தவறுகள் அதிகம் என்று காட்டியது. அங்கே தவறுகள் கூடுதலாக நடக்கவில்லை, நடந்தவற்றை மறைக்காமல் சொல்லும் துணிவு அங்கிருந்தவர்களுக்கு இருந்தது என்பது பிறகுதான் தெளிவாயிற்று. 1996-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. அந்தப் புதிய பெண்ணின் சம்பளத்தைப் பிடித்ததால் உங்கள் வார்டு என்ன கற்றுக்கொண்டிருக்கும் என்று எண்ணிப் பார். இனி எவளும் எழுத மாட்டாள். பதிவேடு சுத்தமாக இருக்கும், நோயாளிக்கு என்ன நேர்ந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இதனால்தான் நீ இதை உன் மனவருத்தமாக மட்டும் பேசாமல், நோயாளியின் பாதுகாப்புக்குரிய விஷயமாக மேலே கொண்டுபோக வேண்டும் என்கிறேன். உன் வருத்தத்தைச் சமாதான வார்த்தைகளால் ஒதுக்கிவிடலாம். நோயாளியின் பாதுகாப்பை அவர்கள் அப்படி எளிதில் ஒதுக்க முடியாது.

மேலே கொண்டுபோவதற்கு எழுத்து வேண்டும். பர்மாவில் லேவாதேவிக் கடையில் கடைநிலைப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கடையை நடத்தும் முகவருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்த உன் ஐயா (தாத்தா), கப்பல் ஏறுவதற்கு முன்பே சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு போனவர். எத்தனை ஆண்டு, என்ன சம்பளம், எவ்வளவு முன்பணம் என்பதெல்லாம் எழுத்தில் இருந்தன. முதலாளி எவ்வளவு நெருங்கிய உறவினராக இருந்தாலும் வாய்ச்சொல்லை நம்பி நம் ஊரில் யாரும் கடல் கடக்கவில்லை. நீயும் அந்த வழக்கத்தைக் கைக்கொள். நாள், நேரம், எத்தனை நோயாளிகள், எத்தனை செவிலியர், யாரிடம் சொன்னாய், என்ன பதில் வந்தது என்பவற்றை அன்றன்றைக்கே உன் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வை. "கொடுமைப்படுத்துகிறார்" என்று எழுதாதே. அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுது. நோயாளியின் பெயரோ படமோ உன் குறிப்பில் இருக்கக் கூடாது, கேஸ் ஷீட்டைச் செல்போனில் படம் பிடிக்கவும் கூடாது. அந்த ஒன்றை வைத்தே உன்னைக் குற்றவாளியாக்கிவிடுவார்கள். அளவுக்கு மீறிய பொறுப்பைத் தரும் இரவில், "இத்தனை பேரை ஒருத்தி கவனிப்பது பாதுகாப்பில்லை, இன்னொருவரை அனுப்புங்கள்" என்று நர்சிங் சூப்பரின்டெண்டெண்டுக்கு அந்த நேரத்திலேயே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்.

இன்சார்ஜ் சிஸ்டரிடமும் ஒருமுறை நேரில் பேசு. ஷிஃப்ட் மாறும் ஹேண்ட் ஓவர் நேரம் வேண்டாம், அவருக்கும் அப்போது மூச்சுவிட நேரமிருக்காது. அவர் மீதும் மேலிருந்து அழுத்தம் இருக்கலாம் என்பதை மறந்துவிடாதே, ஆனால் அதற்காக உன் வேண்டுகோளைச் சுருக்கிக்கொள்ளாதே. "என் வேலையில் குறை இருந்தால் தனியே அழைத்துச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன், நோயாளி முன்னிலையில் வேண்டாம்" என்ற அளவில் போதும்.

இரவுப் பணியில் ஒருவர் பேசும் விதம் பிடிக்கவில்லை என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாய். அதைத் தனியாக எடுத்துக்கொள். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் எந்த இடத்திலும் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். அதற்கு மூத்த பெண் அலுவலர் ஒருவர் தலைமை வகிக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் உறுப்பினர் ஒருவரும் அதில் இருக்க வேண்டும். நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை குழு ஏற்கலாம். இதில் நாளைக் கடத்தாதே. என்னிடம் முழுவதும் சொல்லக் கூச்சமாக இருந்தால் உன் அறைத்தோழியிடமாவது சொல்.

தனியாக எல்லாவற்றையும் சுமக்காதே என்பதையும் சொல்ல வேண்டும். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வாகி, மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நம் மாநில அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த செவிலியர்கள், 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் உள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டதால்தான் அவர்கள் நிலையை நாடு கவனித்தது. தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் பற்றி உச்ச நீதிமன்றம் 2016-இல் ஒரு நிபுணர் குழுவை அமைக்கச் சொன்னதற்கும் செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கே காரணம். 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. உன் ஷிஃப்டில் இருப்பவர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு பக்க விண்ணப்பத்துக்கு உன் ஒருத்தியின் கண்ணீரைவிட மதிப்பு அதிகம். புதிதாக வருபவர்களிடம் மட்டும் நீ பட்டதை நீயும் காட்டிவிடாதே. நாங்களும் இப்படித்தான் கற்றோம் என்று சொல்லிச் சொல்லித்தான் இந்த வழக்கம் ஒரு தலைமுறையிலிருந்து இன்னொரு தலைமுறைக்கு வந்திருக்கிறது.

இவ்வளவும் செய்தும் மாறவில்லை என்றால் வெளியேறு. ஊரார் என்ன சொல்வார்கள் என்று நீ கவலைப்பட வேண்டியதில்லை, அதை நானும் அப்பச்சியும் பார்த்துக்கொள்கிறோம். கோபத்தில் ஓர் இரவில் நின்றுவிடாமல், நியமனக் கடிதத்தில் உள்ள முன்னறிவிப்புக் காலத்தைப் பார்த்து, அனுபவச் சான்றிதழையும் பணிவிடுவிப்பு ஆணையையும் கேட்டு வாங்கு. மூலச் சான்றிதழ்களை அவர்கள் வைத்திருப்பதாகச் சொன்னாய்; அவற்றை ஈடாகப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த நிர்வாகத்துக்கும் உரிமையில்லை. இப்போதே திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் கொடு, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்.

சூப்பரின்டெண்டெண்டுக்கு எழுதும் விண்ணப்பத்தை ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. கோபத்தில் விழுந்த சொற்களை நீக்கி, நாளும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். விண்ணப்பத்தைக் கொடுக்கும் அன்று நானும் உடன் இருக்க வேண்டும் என்று தோன்றினால் சொல், பல்லவன் ரயிலில் புறப்பட்டு வந்துவிடுகிறேன்.

உன் ஆத்தா