உண்மை சொல்லும் வீரனுக்குக் கல்லூரி துணை நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு மாணவர்களிடம் நற்பண்பை வளர்க்கிறது என்பது கல்லூரி ஆண்டு விழா மேடைகளில் தவறாமல் கேட்கும் வாசகம். 28 ஆண்டுகள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவன் என்ற முறையில், அதில் பாதிதான் உண்மை என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மைதானம் ஒரு மாணவனுக்குத் துணிவையும் பொறுமையையும் கற்றுத்தரும். நடுவரின் கண்ணில் படாமல் எதிரணி வீரரின் சட்டையைப் பிடித்து இழுப்பதையும் அதே மைதானம்தான் கற்றுத்தரும். இவற்றில் எது அவனிடம் தங்கும் என்பது, அவன் செய்ததைக் கண்ட பிறகு பயிற்சியாளரும் நிர்வாகமும் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தது.

நானே பொறுப்பேற்க வேண்டிய ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான வாலிபால் போட்டியின் இறுதி ஆட்டம், ஐந்தாவது செட். எங்கள் அணி 13, எதிரணி 14. அவர்கள் ஓங்கி அடித்த பந்து எங்கள் தடுப்பைத் தாண்டி எல்லைக்கோட்டுக்கு வெளியே விழ, நடுவர் எங்களுக்குப் புள்ளி வழங்கினார். அப்போது, தடுப்பதற்காக எழும்பிய எங்கள் மாணவன் கையை உயர்த்தி, பந்து தன் விரல் நுனியில் பட்டுத்தான் வெளியே போனது என்று நடுவரிடம் கூறினான். விரலில் பட்டு வெளியே போனால் புள்ளி எதிரணிக்கு என்பதால் தீர்ப்பு மாறியது; 15-ஆவது புள்ளியோடு அவர்கள் வெல்ல, ஆட்டமும் முடிந்தது. எதிரணிப் பயிற்சியாளர் ஓடிவந்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். நானோ, “இதைச் சொல்லச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள்?” என்று எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். ஊர் திரும்பும் பேருந்தில் அவன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மறுநாள் கல்லூரியில் கோப்பை ஏன் வரவில்லை என்று என்னைக் கேட்டவர்கள் பலர். அவன் செய்ததைப் பற்றிக் கேட்டவர் ஒருவரும் இல்லை. சில மாதங்கள் கழித்து வேறொரு போட்டியில் அதே போன்ற பந்து அவன் விரலில் பட்டுச் சென்றது. அவன் கையை உயர்த்தவில்லை; திரும்பி என் முகத்தைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. ஒரு நல்ல மாணவனுக்குப் பொய்யைக் கற்றுக்கொடுத்த குற்றம் என்னுடையது.

இதற்கு நேர்மாறான ஒன்று 2008-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் இரு கல்லூரிகளின் மகளிர் சாஃப்ட்பால் ஆட்டத்தில் நடந்தது. வெஸ்டர்ன் ஆரிகன் அணியின் சாரா டக்கோல்ஸ்கி தம் வாழ்வின் முதல் ஹோம் ரன்னை (பந்தை வேலிக்கு அப்பால் அடித்து, நான்கு தளங்களையும் தொட்டுச் சுற்றி வந்து பெறும் ஓட்டம்) அடித்துவிட்டு ஓடியபோது, முதல் தளத்தைத் தொட மறந்து சட்டெனத் திரும்பியதில் முழங்கால் தசைநார் கிழிந்து விழுந்துவிட்டார். சொந்த அணியினர் தூக்கினால் அவர் ஆட்டமிழந்தவராகக் கருதப்படுவார், மாற்று வீராங்கனை ஓடினால் ஹோம் ரன் கணக்கில் வராது என்று நடுவர்கள் கூறினர். அந்நேரத்தில் எதிரணியான சென்ட்ரல் வாஷிங்டனின் மல்லோரி ஹோல்ட்மன், “நாங்கள் தூக்கிச் செல்லலாமா?” என்று கேட்டார். அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. அவரும் அவருடைய அணித்தோழி லிஸ் வாலஸும் சாராவைக் கைகளில் ஏந்தி, ஒவ்வொரு தளத்திலும் நின்று, காயம்படாத இடது காலைத் தளத்தில் மெல்லத் தொடவைத்து, முழுச் சுற்றையும் முடித்துக்கொடுத்தார்கள். அந்த ஆட்டத்தில் சென்ட்ரல் வாஷிங்டன் 4-2 என்ற கணக்கில் தோற்றது. ஹோல்ட்மன் சாதனைகள் படைத்த முன்னணி வீராங்கனை. வெல்ல வேண்டும் என்ற வேட்கை அவருக்குக் குறைவாக இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவர் சில நொடிகளுக்குள் இந்த முடிவுக்கு வந்தார் என்றால், அதற்கு முன்பே அவருடைய அணியில் எத்தகைய பேச்சும் பழக்கமும் நிலவியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது? தேர்வில் காப்பியடித்த மாணவனை அறையிலிருந்து வெளியேற்றும் நிர்வாகம், நடுவரை ஏசிய முன்னணி வீரனை, மறுநாள் அரையிறுதி இருக்கிறது என்பதற்காக எச்சரிக்கையோடு விட்டுவிடுகிறது. இரண்டும் ஒரே கல்லூரி, ஒரே மாணவர் சமுதாயம். நட்சத்திர வீரனுக்கு விதி வளைகிறது என்பதை அணியின் கடைசி மாற்று ஆட்டக்காரன்கூடக் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறான். பயிற்சியாளர்களை மட்டும் இதற்குக் குறை சொல்வது முறையாகாது. எத்தனை கோப்பைகள் கொண்டுவந்தார் என்பதை மட்டுமே பார்த்து ஆண்டுதோறும் ஒருவருடைய வேலையை நீட்டிக்கும் இடத்தில், உண்மை சொல்லித் தோற்ற மாணவனைப் பாராட்டும் துணிவு அவருக்கு எங்கிருந்து வரும்? ஆகவே பயிற்சியாளரின் பணியை மதிப்பிடும்போது, அவருடைய வீரர்கள் மைதானத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று எதிரணிப் பயிற்சியாளர்களிடமும் நடுவர்களிடமும் நிர்வாகம் கேட்டறிய வேண்டும். ஒழுங்குக் குற்றத்துக்கான தடையை, அடுத்து வரும் ஆட்டம் எதுவாயினும் தளர்த்தக் கூடாது.

என் பணிக்காலத்தின் பிற்பகுதியில் நான் செய்துபார்த்த ஒன்றையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். முதலாண்டு மாணவர்களின் ஆட்டங்களுக்கு மூத்த வீரர்களையே நடுவர்களாக நிறுத்தினேன். ஒவ்வொரு தீர்ப்புக்கும் நடுவரோடு மல்லுக்கு நிற்கும் எங்கள் அணித்தலைவன் கையில்தான் முதலில் விசிலைக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் அவன் என்னிடம் வந்து, கோட்டருகே விழும் பந்தை ஒரே பார்வையில் தீர்ப்பது இவ்வளவு கடினம் என்று தனக்கு இதுவரை தெரியாது என்றான். அந்தப் பருவத்தில் எஞ்சிய ஆட்டங்களில், விளக்கம் கேட்பதற்கு மட்டுமே அவன் நடுவரை அணுகினான். இம்முறைக்கு நிதி ஒதுக்கீடோ புதிய விதியோ தேவையில்லை. எந்தக் கல்லூரியும் வரும் பருவத்திலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்