ஆர்வம் இல்லாமல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் பள்ளி அறிவியல் போட்டிகள், உதவித்தொகைகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஒரு வரியைத் தவிர. இவ்வளவு திட்டங்கள் இருந்தும் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் ஆர்வம் காட்டுவதில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி. அதோடு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, நான்தான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். இல்லை, அப்படித்தான் எழுதியிருந்தது.

அரசு உயர்நிலைப் பள்ளியில் 19 வருடமாக அறிவியல் எடுக்கிறேன். எங்களில் ஒருவரிடமாவது கேட்டுவிட்டு அந்த வரியை எழுதியிருக்கலாம். நீங்கள் கேட்கவில்லை என்பதால் நானே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி. எங்கள் ஊர் கடலோரம், பாதிக் கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும். மழைத் தண்ணீரில் சோப்பு இவ்வளவு நுரைக்கிறது, எங்கள் வீட்டுத் தண்ணீரில் ஏன் டீச்சர் நுரைக்கவே மாட்டேன் என்கிறது என்று ஒருநாள் கேட்டாள். அதை வைத்தே ஆரம்பித்தோம். ஒரே அளவுள்ள 14 பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கிணற்றின் தண்ணீர், இங்க் ஃபில்லரில் எடுத்த சோப்புக் கரைசல் பத்துச் சொட்டு, இருபது தடவை குலுக்கி, ஒரு நிமிடம் பொறுத்து, ஸ்கேல் வைத்து நுரையின் உயரத்தை அளப்பது. ஜூலையிலிருந்து நவம்பர் வரை சனிக்கிழமை தோறும் செய்தாள். தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்பு அதிகம் இருந்தால் அது சோப்போடு சேர்ந்து திரிந்துபோகும், நுரை வராது என்பதைப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் படித்துவிட்டுப் போகிறோம். இவள் அதைத் தன் தெருவில் மில்லிமீட்டர் கணக்கில் பார்த்தாள். மழை பிடித்ததும் மூன்று கிணறுகளில் நுரை ஏறியது, மற்றவற்றில் ஏறவில்லை, அது ஏன் என்று அடுத்த கேள்வியையும் அவளே எழுதி வைத்திருந்தாள். ஒரு சனிக்கிழமை காய்ச்சல். அந்த வாரத்துக் கட்டங்களில் உத்தேசமாக எதையாவது நிரப்பாமல் ‘எடுக்கவில்லை’ என்று எழுதியிருந்தாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

கண்காட்சிக்குப் போனோம். எந்தக் கண்காட்சி என்று எழுத விரும்பவில்லை. நடுவர் வந்தார், நோட்டைத் திறக்கவில்லை. ‘மாடல் எங்கேம்மா, இதில் எது இயங்கும்?’ என்றார். பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தாள். வழிகாட்டி ஆசிரியர் குறுக்கே பேசக்கூடாது என்பது விதி, அதனால் பேசாமல் நின்றேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அடுத்த மேசையில் மழை வந்தால் தானாக மூடிக்கொள்ளும் கூரை. பரிசு அதற்குத்தான். கடையில் கிட் வாங்கி அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து மாட்டியது என்று அந்தப் பையனே சொன்னான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நுரையை எப்படி அக்கா அளந்தீர்கள் என்று வந்து கேட்டு, தானும் ஒரு பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தவன் அந்தக் கூடத்தில் அவன் ஒருவன்தான். எனக்குக் கோபமெல்லாம் விளக்கு எரிந்தால், சக்கரம் சுற்றினால் மதிப்பெண் போடுகிற பழக்கத்தின் மேல். அளந்து பார்ப்பதும் தேதி போட்டு எழுதி வைப்பதும்தானே அறிவியல். அதற்கு மார்க் இல்லை என்றால் அடுத்த வருடம் எந்தப் பிள்ளை சனிக்கிழமை விளையாட்டை விட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கிணறு கிணறாகப் போவாள்?

இதே விஷயம் நன்றாக நடந்தும் நான் பார்த்திருக்கிறேன். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-ல் தொடங்கியது, 10 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது, தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்து கட்டுரையாக வாசிக்க வேண்டும். தமிழிலேயே வாசிக்கலாம். தொடங்கிய சில வருடங்களிலேயே நான் பள்ளி மாணவியாக அதில் கலந்துகொண்டேன். மாவட்ட அளவில் ஒரு பேராசிரியர் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். அரை மணி நேரம் இருக்கும். பரிசு எதுவும் வரவில்லை. ஆனாலும் நான் அறிவியல் ஆசிரியராக நிற்பதற்கு அந்த அரை மணி நேரம்தான் காரணம்.

சரி, பணத்துக்கு வருகிறேன். பள்ளிப் பிள்ளைகளின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு பணம் தரும் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் ஒரு பள்ளி ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம், தேர்வானால் மாணவர் கணக்குக்கே ரூ.10,000 வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். நாங்கள் வருடா வருடம் ஐந்தும் அனுப்புகிறோம். வேறொரு போட்டியில் எங்கள் பையன் ஒருவனுக்கு அறிவித்த பரிசுத்தொகை எட்டு மாதமாகியும் வரவில்லை. என்னவென்று பார்த்தால் ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால், வங்கிக் கணக்கில் முன்னால், பள்ளிப் பதிவில் அப்பா பெயர் முழுசாக. மூன்றையும் ஒன்றாக்க அவன் அம்மா நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தார். அடுத்த தடவை அந்தப் பையனிடம் பெயர் கொடுக்கிறாயா என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. இதுவும் உங்கள் கணக்கில் ஆர்வமின்மையில்தான் சேரும்.

2016-ல், பிள்ளைகள் தாங்களே கருவிகள் செய்து பார்க்கப் பள்ளியில் ஆய்வகம் அமைக்கும் மத்திய அரசின் அடல் ஆய்வகத் திட்டம் வந்தது, தேர்வான பள்ளிக்கு ரூ.20 லட்சம். ஆசையோடு விதிகளைப் படித்தேன், 1,500 சதுர அடி இடம் கேட்டிருந்தார்கள். எங்களிடம் மூன்று வகுப்பறைகளைச் சேர்த்தாலும் அவ்வளவு வராது, வகுப்பறையைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளை மரத்தடியில் உட்கார வைப்பதா? ஆய்வக உதவியாளரும் கிடையாது. கண்காட்சிக்கு வேன் வாடகை என் கையிலிருந்துதான், தெர்மாகோல் பலகையோடு பஸ்ஸில் ஏற விடமாட்டார்கள். அதைத் திருப்பிக் கேட்டு நான் எழுதியதே இல்லை, இப்போதும் கேட்கவில்லை.

அப்புறம், இருந்தவையும் நின்றுபோயின. உதவித்தொகைக்காக 1963-லிருந்து நடந்த தேசியத் திறனறித் தேர்வு 2021-க்குப் பிறகு இல்லை. அறிவியல் படிக்கிறவர்களுக்கு உதவித்தொகை தர 1999-ல் தொடங்கிய கிஷோர் வைக்ஞானிக் திட்டத்தின் தேர்வு 2022-ல் நிறுத்தப்பட்டது. பத்தாம் வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து முதலாவதை இப்போது எழுது, இரண்டாவதைப் பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் எழுது என்று கைகாட்ட எனக்கிருந்தவை இவை. இவை நின்றதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. எங்களைப் பற்றிய வரிக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போட்டிகளுக்கும் உதவித்தொகைகளுக்கும் விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்ற செய்தியை அந்தக் கடைசி நாளுக்கு முந்தின நாள் போடுகிறீர்கள். அதையே ஒரு மாதம் முன்னால், பள்ளிப் பக்கத்தின் மூலையில் கட்டம் கட்டிப் போடுங்கள். வெட்டி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவேன். தமிழில் எழுதி அனுப்பலாமா, கூடாதா என்பதையும் சேர்த்துப் போட்டால் பாதிப் பிள்ளைகளின் தயக்கம் அங்கேயே போய்விடும். முடிந்தால் அந்த ஒரு வரிக்கு ஒரு திருத்தமும் போடுங்கள்.

அந்தப் பெண் இப்போது பத்தாம் வகுப்பு. நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. உங்கள் நிருபர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் எடுத்துக் காட்டுகிறேன், ஒரு அரை மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை, அரசு உயர்நிலைப் பள்ளி
(பெயர், முகவரி தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வெளியிட வேண்டாம்.)