கலப்படமே இல்லாவிட்டாலும் அந்த சிரப் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திண்டுக்கல்லில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததிலிருந்து இருமல் மருந்து பற்றி வரும் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். அந்தக் குழந்தைகள் குடித்த, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் 48.6 சதவீதம் இருந்ததை நம் மாநில ஆய்வகம் கண்டுபிடித்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டவே கூடாத பொருள் அது. இதே நஞ்சு 1986இல் மும்பையிலும் 1998இல் குருகிராமிலும் உயிர்களைக் குடித்திருக்கிறது. ஆலைகளைச் சோதியுங்கள், அதிகாரிகளைக் கேள்வி கேளுங்கள் என்று எழுதுகிறவர்கள் சரியாகத்தான் எழுதுகிறார்கள்.

ஆனால், அந்த பாட்டிலில் சொட்டு நஞ்சுகூட இல்லாமல் இருந்திருந்தால்? அப்போதும் சளி பிடித்த இரண்டு வயதுக் குழந்தைக்கு அதைக் கொடுத்திருக்க வேண்டுமா? இதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பதில் புதிதும் அல்ல; ஆராய்ச்சிகள் அதைச் சொல்லிப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

இந்த வகை சளி சிரப்புகளில் பெரும்பாலும் இருப்பவை பாராசிட்டமால், குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின். கடைசியில் சொன்னது மூக்கடைப்புக்காம். வாயால் குடித்தால் அதில் பெரும்பகுதி குடலிலேயே சிதைந்து, மூக்குக்குப் போய்ச் சேர ஏதும் மிஞ்சுவதில்லை. அமெரிக்காவில் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெண்டிலஸ், ஹாட்டன் என்ற இரண்டு மருந்தியல் பேராசிரியர்கள் பழைய ஆய்வுகளைத் தோண்டி எடுத்து 2007இலும் 2015இலும் அரசிடம் மனுப் போட்டார்கள். 2023 செப்டம்பரில் அந்நாட்டு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு, 16 பேரும் ஒருமனதாக, வாய்வழி ஃபினைலெஃப்ரினால் பயனில்லை என்று வாக்களித்தது. அந்த இருவரும் மருந்தாளுநர் படிப்புப் படித்தவர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களை அட்டை எடுத்துக் கொடுக்கிறவர்களாக மட்டுமே பார்க்கும் ஊர் இது.

குளோர்பெனிரமின் வேறு விதம். அது தூக்கத்தைக் கொண்டுவரும். "அக்கா, போன தடவை கொடுத்த அதே மருந்து கொடுங்க, குடிச்சதும் பாப்பா அசந்து தூங்குச்சு" என்று தாய்மார்கள் கேட்டு வருவார்கள். பாப்பா தூங்கியது மருந்தின் மயக்கத்தில். சளி அது பாட்டுக்கு இருந்திருக்கும். மூச்சுக்குத் திணறும் குழந்தையை மயக்கிப் படுக்க வைத்தால் திணறல் கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதுதான் எனக்குப் பயம்.

"குடிச்சா குணமாகுதே" என்பார்கள். ஆகும்தான். சாதாரணச் சளி குடித்தாலும் ஆகும், குடிக்காவிட்டாலும் ஆகும். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்த ஒரு ஆய்வு 2004இல் வெளியானது. இரவில் இருமித் தூங்காத நூறு குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பிரிவுக்கு இரண்டு வகை இருமல் மருந்து, மூன்றாவது பிரிவுக்கு மருந்தே இல்லாத இனிப்புப் பாகு. யாருக்கு எது என்று பெற்றோருக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மூன்று பிரிவுப் பெற்றோரும் "நேற்று ராத்திரி பரவாயில்லை" என்றார்கள். மருந்துக்கும் பாகுக்கும் வித்தியாசம் இல்லை. அந்த மூன்றாவது பிரிவு இல்லாதிருந்தால் இரண்டு மருந்துமே அபாரம் என்று விளம்பரம் வந்திருக்கும். மருத்துவரின் அனுபவமும் தாயின் அனுபவமும் பொய்யில்லை. ஆனால் அவர்கள் கண்ணுக்கு அந்த மூன்றாவது பிரிவு படுவதே இல்லை.

பலன் இல்லை, போகட்டும். கெடுதல் இருக்கிறதே. போன மழைக்காலத்தில் ஒரு அப்பா சீட்டு கொண்டு வந்தார். பத்து கிலோ எடையுள்ள குழந்தை. சளிக்கு ஒரு சிரப் 5 மில்லி, காய்ச்சலுக்கு இன்னொரு சிரப் 5 மில்லி, இரண்டும் மூன்று வேளை. இரண்டு பெட்டியையும் திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் பாராசிட்டமால், 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் வீதம். அந்த எடைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 250. இரண்டுக்கும் வேறு வேறு கம்பெனிப் பெயர்தான் சீட்டில் இருந்தது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் இல்லை. டாக்டருக்குப் போன் போட்டேன். "சார், ரெண்டுலயும் பாராசிட்டமால் இருக்கு." ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஆமாம்மா, சளி சிரப்ப அடிச்சிடுங்க" என்றார். பிறகு அவரே சொன்னார்: "மருந்து எழுதாம அனுப்பினா அடுத்த தெரு கிளினிக்குக்குப் போயிடுவாங்கம்மா." அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஒன்றும் எழுதாத டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை.

நம் நாட்டிலும் உத்தரவுகள் இல்லாமல் இல்லை. 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை, குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் கீழ் பயன்படுத்தக் கூடாது, அதை லேபிளில் அச்சிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. சிந்த்வாரா சம்பவத்துக்குப் பின் 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறையும் இரண்டு வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்தை எழுதவும் கொடுக்கவும் வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அறிவுறுத்தியது. அமெரிக்கா 2008இல் எச்சரித்ததை நாம் இத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு சொல்கிறோம். சொன்னதும் யார் காதில் விழுந்தது? கிளினிக்குக்கு ஆராய்ச்சி முடிவு தபாலில் வருவதில்லை. கம்பெனி பிரதிநிதிதான் வருகிறார், பளபளப்பான அட்டையோடு. எச்சரிக்கை வந்தாலும் பெட்டியின் பக்கவாட்டில், எறும்பு அளவு எழுத்தில், ஆங்கிலத்தில் வருகிறது. பீடிக் கட்டில்கூட எச்சரிக்கையைப் பெரிதாகப் போட முடிகிறது.

தமிழ்நாடு அரசுக்கு இது முடியாத காரியம் அல்ல. தேவையான மருந்துகளுக்குப் பட்டியல் போட்டு, அதன்படி மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்குக் கொடுக்க 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை உருவாக்கி, மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டிய அரசு இது. அந்தக் கட்டுப்பாடு தனியார் கிளினிக்கின் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எந்தக் கம்பெனியும் ஸ்பான்சர் செய்யாத ஒரு பக்கத் தாள், எந்த மருந்துக்கு ஆதாரம் உண்டு, எதற்கு இல்லை என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு கிளினிக்குக்கும் மருந்துக்கடைக்கும் அனுப்பட்டும். குழந்தைகள் சிரப் பெட்டியின் முன்பக்கத்தில் வயது வரம்பு தமிழில், தடித்த எழுத்தில் வர மத்திய அரசிடம் கேட்டு வாங்கட்டும். சீட்டில் மருந்தின் மூலப் பெயரும் குழந்தையின் எடையும் எழுதச் சொல்லட்டும். எடை மட்டும் இருந்தாலே என் வேலை பாதி முடிந்துவிடும்.

அதுவரை, இதைப் படிக்கும் அம்மாக்களுக்கு இரண்டு வார்த்தை. ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு ராத்திரி இருமலுக்குப் படுக்கும் முன் ஒரு ஸ்பூன் தேன் கொடுக்கலாம். இஸ்ரேலில் முந்நூறு குழந்தைகளிடம் செய்த ஆய்வில் பேரீச்சம்பழச் சாறு குடித்தவர்களைவிடத் தேன் குடித்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். (தேனில் வெல்லப்பாகு கலக்கிறார்களே என்று சண்டைக்கு வராதீர்கள், அது தனிக் கடிதம்.) ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40, அல்லது அதற்கு மேல் போனாலும், விலா எலும்புக்குக் கீழே நெஞ்சு உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும் மருந்துக்கடைக்கு வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் ஒருவர்,
திண்டுக்கல்.